டிராவல் டிரெய்லரின் வாசல் படி ஆடுகிறது. அடியில் ஜாக்கி முட்டுக் கொடுத்தால் போதுமா?

கேட்டிருப்பவரின் டிராவல் டிரெய்லரில், அதாவது காருக்குப் பின்னால் இழுத்துப் போகிற தங்கும் வண்டியில், இருப்பது இரண்டு அடுக்கு மடக்குப் படி. கால் வைத்தால் ஆடுகிறது. அடியில் ஒரு திருகு ஜாக்கியை முட்டுக் கொடுத்தால் போதுமா, கழற்றி வேலை பார்க்க வேண்டுமா என்பது கேள்வி. ஜாக்கியை ஏற்கெனவே வாங்கி வைத்துவிட்டு, "போதும்" என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்றுதான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான் கேட்டேன். போதும் என்றார்கள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் இன்ஜினியரும் இல்லை, வெல்டரும் இல்லை. பழைய டிரெய்லர் ஒன்றை வைத்துக்கொண்டு அல்லாடுகிற ஆள், அவ்வளவுதான். ஜாக்கியே கூடாது என்று சொல்ல வரவில்லை, இப்போதும் வைத்திருக்கிறேன். தயவுசெய்து அதற்காகச் சண்டைக்கு வராதீர்கள்.

எங்கள் படி ஆட ஆரம்பித்து ஒரு வருஷம் இருக்கும். முதலில் கால் வைத்தால் 'டக்' என்று ஒரு சத்தம். அப்புறம் ஒரு இஞ்ச் இறங்கி நின்றது. மடக்குப் படி என்றால் கொஞ்சம் ஆட்டம் இருக்கத்தான் செய்யும். மூட்டுக்கு மூட்டு ரிவெட் அடித்திருப்பார்கள். நாளாக நாளாக ரிவெட் தேயும், அது உட்கார்ந்திருக்கிற ஓட்டை முட்டை வடிவத்துக்கு விரியும். என்னுடையதும் அதுதான் என்று நினைத்துக்கொண்டேன். திருகு ஜாக்கி ஒன்றை வாங்கி, கீழ்ப்படிக்கு அடியில் வைத்து, ஸ்பேனர் போட்டு இறுக்கினேன். படி கல் மாதிரி நின்றது. இரண்டு நாள் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மூன்றாம் நாள் மாமியார் வந்தார். மேல்படியில் ஒரு காலை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"மாப்பிள்ளை, படி ஆடலை. கதவு ஆடுது."

"அதெல்லாம் ஒண்ணுமில்லை அத்தை, ஏறுங்க."

அந்த ஒரு வார்த்தையை அன்றைக்கே காதில் போட்டுக்கொண்டிருந்தால் இந்தப் பதிலை எழுத வேண்டிய வேலையே இருந்திருக்காது. கதவு நிலைக்குக் கீழே இருக்கிற தகடு, காலை வைக்கும்போதெல்லாம் படியோடு சேர்ந்து அசைந்திருக்கிறது. எனக்குக் கண் படியின் மேலேயே இருந்தது.

அன்று இரவு நல்ல மழை. தரை இளகி, கதவுப் பக்கத்துச் சக்கரங்கள் இரண்டு விரற்கடை இறங்கிவிட்டன. ஜாக்கி இறங்கவில்லை. ஏனென்றால் அதற்கு அடியில் மட்டும் அகலமான பலகை போட்டிருந்தேன், அந்தப் புத்திசாலித்தனம் வேறு. டிரெய்லரின் அந்தப் பக்கத்துப் பாரத்தில் ஒரு பங்கு படி வழியாக ஜாக்கியின் மேல் உட்கார்ந்துவிட்டது. காலையில் படி மடங்க மறுத்தது.

டார்ச் எடுக்க வெளிப்பக்கச் சாமான் அறையைத் திறக்கப் போனேன், சாவியைக் காணோம். பக்கத்து டிரெய்லர்காரர் தன் சாவியை நீட்டினார், திறந்துகொண்டது! பல கம்பெனி டிரெய்லர்களில் இந்த அறைகளுக்கு ஒரே சாவிதான் என்பது உங்களுக்குத் தெரியுமோ என்னவோ, சாவியிலேயே சி.எச். 751 என்று பொறித்திருக்கும். தனியாகவும் கடையில் கிடைக்கும். இத்தனை பணம் வாங்கிக்கொண்டு, ஊரே திறக்கிற பூட்டைப் போட்டுக் கொடுக்கிறார்கள். என் கருவிப் பெட்டி முழுக்க அதற்குள்தான் இருந்தது. அன்று முதல் வேலையாகப் பூட்டை மாற்றியிருக்க வேண்டும், படி முந்திக்கொண்டது. கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான், ஆனால் நினைத்தாலே எரிகிறது.

சரி, படிக்கு வருகிறேன். சக்கரங்களுக்குக் கட்டை போட்டுவிட்டு, மல்லாந்து படுத்து அடியில் நகர்ந்து பார்த்தேன். படியின் பெட்டி நான்கு போல்ட்டில் அடிச்சட்டத்தில் தொங்குகிறது. ஒரு போல்ட்டைக் காணவே இல்லை. இன்னொன்றின் தலையைச் சுற்றி மோதிரம் மாதிரி ஒரு வட்டம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது. அதிலிருந்து செம்மண் நிறத்தில் மாவு போல நுண்ணிய துருப்பொடி கீழே வழிந்து கோடு போட்டிருந்தது. இந்த அடையாளத்தை மறக்காதீர்கள். இரும்பும் இரும்பும் மாதக்கணக்கில் உரசினால்தான் அப்படி ஒரு பொடி வரும். துணியால் துடைத்ததும், போல்ட் ஓட்டையிலிருந்து பக்கத்து வெல்டிங் வரை மயிரிழை போல ஒரு விரிசல். நக நுனியை வைத்தால் மாட்டியது. ஜாக்கி அழுத்தியதில் அந்தத் தகடு மேல் பக்கமாக வளைந்தும் போயிருந்தது. பழைய விரிசலை நான் கொடுத்த முட்டு மறைத்தது, அப்புறம் அதுவே பெரிதாக்கியது.

எங்கள் படியில் 300 பவுண்டு வரை தாங்கும் என்று ஒட்டியிருக்கிறது, அதாவது 136 கிலோ. அது படிக்கு. மேலே போல்ட்டில் விழுவது வேறு கணக்கு. முன் போல்ட்டுக்கும் பின் போல்ட்டுக்கும் இடையே 15 செ.மீ., படியின் நுனி முன் போல்ட்டிலிருந்து 45 செ.மீ. வெளியே என்று வையுங்கள். நுனியில் 80 கிலோ ஆள் நின்றால், நெம்புகோல் கணக்குப்படி முன்பக்கப் போல்ட்டுகள் தாங்கும் இழுப்பு மொத்தம் 320 கிலோ. அதுவும் அசையாமல் நின்றால். அதே ஆள் தொப்பென்று குதித்தால் இதைப்போல இரண்டு மடங்குக்கும் மேலே போகும். மெல்லிய தகட்டை மடித்துச் செய்த சட்டத்தில் இவ்வளவையும் வருஷக்கணக்காகத் தொங்கவிட்டால் விரியாமல் என்ன செய்யும்?

பழுது பார்த்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். படியை முழுதாகக் கழற்றினோம். வளைந்த தகட்டை நிமிர்த்தி, விரிசல் மேலே ஓடாமலிருக்க அதன் நுனியில் சின்ன ஓட்டை போட்டு, வெல்டர் அதை அடைத்தார். அதற்கு மேல் 6 மி.மீ. கனமுள்ள ஆங்கிளை (எல் வடிவ இரும்புச் சட்டம்) ஒரு குறுக்குச் சட்டத்திலிருந்து அடுத்த குறுக்குச் சட்டம் வரை நீளமாகக் கொடுத்தோம். பாரம் ஒரே ஓட்டையில் விழாமல் பரவ வேண்டும், அதற்குத்தான். போல்ட்டுகள் 8.8 தரத்தில் (சாதாரண போல்ட்டைவிட வலுவான ரகம்), ஊடுருவிப் போகிற மாதிரி, அகல வாஷர், நைலான் வளையம் உள்ள நட்டு. மூட்டில் தேய்ந்த ரிவெட்டுகளைத் துளைத்து எடுத்துவிட்டு, அங்கேயும் போல்ட், நட்டு, நைலான் வாஷர். பெயின்ட் காய்ந்ததும் மூட்டுகளில் உலர்ந்த ரக சிலிக்கான் ஸ்பிரே. எண்ணெயோ கிரீஸோ வேண்டாம், சாலைப் புழுதி ஒட்டி மூட்டையே அரைத்துவிடும்.

வெல்டிங் என்றால் ஒரு எச்சரிக்கை. பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். எர்த் கிளிப்பை வெல்டிங் வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டச் சொல்லுங்கள். கேஸ் குழாயும் மின் கம்பியும் பெரும்பாலும் அடிச்சட்டத்தை ஒட்டித்தான் போகும். அதற்கு மேலே நுரை, பிளாஸ்டிக், பிளைவுட், எல்லாம் எரிகிற சமாச்சாரம். சிலிண்டரை மூடிவிட்டு, தீயணைப்பானோடு ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். உங்கள் வெல்டர் "அதெல்லாம் தேவையில்லை சார்" என்றால் வேறு ஆளைப் பாருங்கள். அப்படியே கதவடியில் பிளைவுட்டை ஒரு ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். பொதபொதவென்று உள்ளே போனால் நிலை வழியாகத் தண்ணீர் இறங்குகிறது. அதை அடைக்காமல் படியைச் சரிசெய்தால் இரும்பு மறுபடியும் துருதான் பிடிக்கும்.

இப்போது முட்டுக்கு வருகிறேன். டிரெய்லரை லெவல் பண்ணி, மூலை ஜாக்கிகளை இறக்கி, எல்லாம் அசையாமல் நின்ற பிறகு கடைசியாகத்தான் படிக்கு முட்டு. கிளம்பும்போது முதலில் எடுப்பதும் அதுதான். முட்டு இருக்கிற நினைப்பில்லாமல் காரோடு மாட்டும் முனையில் இருக்கிற முன் ஜாக்கியை ஏற்றி இறக்கினால் என் கதைதான். படியின் நடுத்தகட்டில் கொடுக்காதீர்கள், அது பள்ளமாகிவிடும். நான் இரண்டு சின்ன ஜாக்கி வைக்கிறேன், கீழ்ப்படியின் இரண்டு பக்கக் கைகளுக்கும் ஒவ்வொன்று. ஸ்பேனர் கிடையாது. கையால் திருகி, தலை படியைத் தொட்டதும் நிறுத்திவிடுவேன். காலையில் எழுந்ததும், மழை பெய்தால் நடுவிலும், கையால் ஒருமுறை திருகிப் பார்ப்பேன். இறுகிப்போய்த் திரும்பாவிட்டால் டிரெய்லர் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம், தளர்த்திவிட வேண்டும்.

"இத்தனை பாடு எதற்கு, தனக்கே கால்கள் இருந்து தரையில் ஊன்றி நிற்கிற புது மாதிரிப் படியை மாட்ட வேண்டியதுதானே" என்று யாராவது கேட்பீர்கள். நல்ல படிதான். பாரம் பெரும்பாலும் தரைக்கே போய்விடும், ஆட்டம் குறைவு, கால்களின் உயரத்தையும் மாற்றலாம். ஆனால் அது மடங்கி வாசலுக்குள்ளேயே நிற்கும். வழியில் இரண்டு நிமிஷம் நிறுத்தி உள்ளே போக வேண்டுமென்றாலும் முழுக்க இறக்கியாக வேண்டும், சேறு ஒட்டிய படி உள்ளே வரும். தவிர, அதை மாட்டுவது கதவு நிலையில். கதவடி மரம் உளுத்திருந்தால் அந்தத் திருகாணிகள் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? உங்கள் நிலை உறுதியாக இருந்து, கையில் பணமும் இருந்தால் தாராளமாக மாட்டுங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை.

எங்கள் படி இப்போது ஆடுவதில்லை. மாமியார் மட்டும் இன்னும் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறார். கேட்டால் முழங்கால் வலி என்கிறார்.