அயர்லாந்தில் டி.டி.க்கு எழுதினால் வேலை நடக்குமா?

தம்பி, உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். டப்ளின் வந்து ஒரு வருஷம், ஸ்டாம்ப் 1 என்னும் வேலை அனுமதி விசா. மின்கட்டணம் எகிறுகிறது. மகனுக்குப் பேச்சு தாமதம். குழந்தைக்கு என்னென்ன உதவி தேவை என்று அரசு பார்த்துச் சொல்லும் 'தேவை மதிப்பீட்டுக்கு' விண்ணப்பித்து ஏழு மாதமாகியும் சத்தமே இல்லை. மனைவி மருத்துவமனையின் எலும்பியல் காத்திருப்புப் பட்டியலில் இருக்கிறார். "உங்க ஏரியா டி.டி.க்கு ஒரு ஈமெயில் போடு, பார்லிமென்ட்ல கேள்வி கேட்டுடுவார், ஒரே வாரத்துல முடிஞ்சிடும்" என்கிறார் ஆபீஸ் நண்பர். குடியுரிமையும் ஓட்டும் இல்லாதவனுக்கு அதையெல்லாம் செய்வார்களா என்று கேட்டிருக்கிறீர்கள்.

செய்வார்கள். தொகுதியில் குடியிருக்கிறீர்கள் என்பதே போதும். ஆனால் வாரத்தில் வருவது பதில்தான், வேலை முடிவதில்லை. அந்தப் பதில் உருப்படியாக இருக்குமா என்பது, எந்த அமைச்சரிடம், என்ன சொற்களில் கேள்வி போகிறது என்பதைப் பொறுத்தது. இங்கேதான் நம் ஆட்கள் பலரும் கோட்டை விடுகிறார்கள்.

டி.டி. என்பது கீழவையான டாயிலின் உறுப்பினர். 2024 நவம்பர் தேர்தலுக்குப் பிறகு 174 பேர், 43 தொகுதிகள். ஒரு தொகுதிக்கு மூன்று முதல் ஐந்து உறுப்பினர்கள். அதாவது நம் ஊர் எம்.பி. மாதிரி ஒரே ஒருவர் அல்ல. குறைந்தது மூன்று பேர் உங்களுக்கு இருக்கிறார்கள். இதில் ஒன்றை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்: அமைச்சராகவோ துணை அமைச்சராகவோ இருப்பவர் சக அமைச்சரிடம் நாடாளுமன்றக் கேள்வி கேட்க மாட்டார். அவர் அலுவலகம் கடிதம் எழுதும், அவ்வளவுதான். கேள்வியே வேண்டுமென்றால் பதவியில் இல்லாத ஆளுங்கட்சி உறுப்பினரையோ எதிர்க்கட்சி உறுப்பினரையோ பிடியுங்கள். ஒரே விஷயத்தை மூன்று பேருக்கும் அனுப்பாதீர்கள். மூன்று அலுவலகமும் ஒரே துறையைத் தட்டினால், மூவருக்கும் அதே பத்தியை ஒட்டி அனுப்புவார்கள்.

டி.டி.க்கள் மக்களைச் சந்திக்கும் நேரத்தை இங்கே "கிளினிக்" என்பார்கள். சனிக்கிழமை கிளினிக் என்று நோட்டீஸ் பார்த்தால் மருத்துவ முகாம் என்று நினைத்துவிடாதீர்கள். இலவசம். "டி.டி. மூலம் கேள்வி போட்டுத் தருகிறேன்" என்று யாராவது காசு கேட்டால் அந்த ஆளை விட்டு விலகுங்கள்.

நாடாளுமன்றக் கேள்வியைச் சுருக்கமாகப் பி.க்யூ. என்பார்கள். நம் மக்களவையில் நட்சத்திரக் கேள்வி, நட்சத்திரமில்லாக் கேள்வி என்று இருப்பது போல, இங்கே வாய்மொழி விடைக்கு ஒன்று, எழுத்து விடைக்கு ஒன்று. உங்களுக்குத் தேவை எழுத்துக் கேள்வி. டி.டி.யின் உதவியாளர் கணினி வழியாகப் போடுவார். அதற்கு ஒரு எண் கிடைக்கும்; அந்த எண்ணைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சபை கூடும் வாரங்களில் சில நாளில் விடை வந்து, எராக்தஸ் எனப்படும் நாடாளுமன்றத்தின் இணையதளத்தில் எல்லோரும் படிக்கும்படி ஏறிவிடும்.

எல்லோரும் படிப்பார்களே, பெயர் வெளியே தெரியுமா என்ற பயம் வேண்டாம். தனி நபர் பற்றிய கேள்வியில் "விவரங்கள் தனியே தரப்பட்ட ஒருவர்" என்றுதான் அச்சாகும். பெயர், பிறந்த தேதி, கோப்பு எண் ஆகியவை துறைக்கு மட்டும் போகும். அதனால் அவற்றைக் கேள்வி வாசகத்துக்குள் கலக்காமல் ஈமெயிலில் தனிப் பத்தியாகக் கொடுங்கள். கில்டேர் தொகுதியில் 1981இல் முதலில் ஜெயித்து, பின்னாளில் கில்டேர் வடக்குத் தொகுதியில் 2024இல் தோற்கும்வரை பல பத்தாண்டுகள் உறுப்பினராக இருந்த பெர்னார்ட் டர்கன் என்பவரின் கேள்விகளை அந்தத் தளத்தில் தேடிப் பாருங்கள். எரிசக்தி, மருத்துவமனை, வீடு, குடியேற்றம் என்று குவிந்து கிடக்கும். பத்துப் பதினைந்து படித்தாலே எந்த மாதிரிக் கேள்விக்கு எந்த மாதிரி விடை வருகிறது என்று பிடிபட்டுவிடும். நீங்கள் எழுதுவதற்கு முன் இதைக் கட்டாயம் செய்யுங்கள். உங்கள் கேள்விக்கு விடை ஏற்கெனவே அங்கே இருக்கலாம்.

மகன் விஷயம்தான் அவசரம், அதை முதலில் எடுத்துக்கொள்வோம். 2005 மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி, 2002 ஜூன் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தைக்குத் தேவை மதிப்பீடு கேட்கலாம். முழுமையான விண்ணப்பம் கிடைத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் தொடங்க வேண்டும், தொடங்கி இன்னொரு மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும். நடைமுறையில் இந்தக் கெடு நாடெங்கும் தவறிக்கொண்டே இருக்கிறது, ஆனாலும் சட்டம் உங்கள் பக்கம். "முழுமையான" என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒரு கையெழுத்தோ ஒரு பக்கமோ விடுபட்டிருந்தால் கடிகாரமே ஓடத் தொடங்கியிருக்காது. ஆகவே முதல் கேள்வி "எப்போது முடிப்பீர்கள்" என்பதாக இருக்கக் கூடாது. "எந்தத் தேதியில் முழுமையானதாக ஏற்றுக்கொண்டீர்கள்" என்பதாக இருக்க வேண்டும்.

இன்னொரு பொறி. மாற்றுத்திறன் சேவைகள் 2023இல் சுகாதாரத் துறையிலிருந்து குழந்தைகள் துறைக்கு மாறிவிட்டன. சுகாதார அமைச்சருக்குக் கேள்வி போனால் துறை மாற்றுவதிலேயே நாள் போகும். டி.டி.யிடம் இப்படிக் கொடுங்கள்: "விவரங்கள் தனியே தரப்பட்ட குழந்தையின் தேவை மதிப்பீட்டு விண்ணப்பம் முழுமையானதாக ஏற்கப்பட்ட தேதி எது, சட்டப்படியான மூன்று மாதத்துக்குள் மதிப்பீடு தொடங்கப்பட்டதா, இல்லையெனில் காரணம் என்ன, எந்தத் தேதிக்குள் முடியும், இது குறித்து அமைச்சர் அறிக்கை அளிப்பாரா?" அந்தக் கடைசி வரி இங்கே மரபு, எல்லாக் கேள்வியும் அப்படித்தான் முடியும். இதோடு, கெடு தவறியதற்காக அந்தச் சட்டத்தின் கீழேயே எச்.எஸ்.இ. என்னும் அரசு சுகாதாரச் சேவை அமைப்பின் புகார் அதிகாரிக்கு நீங்களே புகார் எழுதுங்கள். சட்டப்படி உங்கள் கையில் இருக்கும் ஆயுதம் அந்தப் புகார்தான், பி.க்யூ. அதற்குத் துணை. மதிப்பீடு வேறு, சிகிச்சை வேறு என்பதையும் மறக்காதீர்கள். மதிப்பீடு முடிந்தாலும் பேச்சுச் சிகிச்சைக்குத் தனி வரிசை. அதற்கான பரிந்துரை ஏற்கெனவே போயிருக்கிறதா என்று ஜி.பி.யிடம், அதாவது உங்கள் குடும்ப மருத்துவரிடம், இன்றைக்கே கேளுங்கள்.

மனைவியின் பட்டியலுக்கு வருகிறேன். இதற்குப் பி.க்யூ. போட்டால் வரும் விடை பெரும்பாலும் மனப்பாடமாகச் சொல்லக்கூடியது: "இது சேவை சார்ந்த விஷயம், எச்.எஸ்.இ. நேரடியாகப் பதில் தரும்படி அனுப்பியிருக்கிறேன்." அதைப் பார்த்துக் காரியம் முடிந்தது என்று டி.டி. அலுவலகம் கோப்பை மூடிவிடும் ஆபத்து உண்டு. அந்த நேரடிப் பதில் சில வாரம் கழித்து டி.டி.க்குத் தனிக் கடிதமாக வரும். பத்து வேலை நாள் கழித்து நீங்களே போன் செய்து, கேள்வி எண்ணைச் சொல்லி, "எச்.எஸ்.இ. பதில் வந்ததா" என்று கேட்க வேண்டும். வந்தாலும், பட்டியலில் இருக்கிறார், வரிசையை மருத்துவ அவசரம் தீர்மானிக்கும் என்றுதான் இருக்கும். எந்த டி.டி.யாலும் அந்த வரிசையை மாற்ற முடியாது, மாற்றவும் கூடாது.

வரிசையை மாற்றக்கூடியவர் ஜி.பி. வலி கூடியிருக்கிறது, கை மரத்துப்போகிறது, இரவில் தூக்கமில்லை, வேலைக்குப் போக முடியவில்லை என்று உண்மையில் எது மாறியிருக்கிறதோ அதைச் சொல்லி, புதிய பரிந்துரைக் கடிதம் அனுப்பச் சொல்லுங்கள். மருத்துவமனையின் அப்பாயின்ட்மென்ட் பிரிவுக்கும் போன் செய்து, யாராவது வர முடியாமல் இடம் காலியானால் கடைசி நேரத்திலும் வரத் தயார் என்று பதிந்து வையுங்கள். இன்னொரு விஷயம், இதில் ஏமாந்தவர்கள் ஏராளம்: என்.டி.பி.எஃப். என்னும் சிகிச்சைக் கொள்முதல் நிதியம் "இன்னும் இந்த அப்பாயின்ட்மென்ட் வேண்டுமா" என்று கேட்டுக் கடிதமோ குறுஞ்செய்தியோ அனுப்பும். பதில் தராவிட்டால் பட்டியலிலிருந்து பெயர் போய்விடலாம். வீடு மாறியிருந்தால் மருத்துவமனைக்கும் ஜி.பி.க்கும் புது முகவரியை உடனே கொடுங்கள்.

அந்த நிதியம் மாதாமாதம் காத்திருப்போர் எண்ணிக்கையை மருத்துவமனை வாரியாக, பிரிவு வாரியாக, 0–3 மாதம், 3–6 மாதம் என்று அடுக்கி வெளியிடுகிறது. எண்ணிக்கை கேட்கும் கேள்வி போட வேண்டுமானால் அதே அடுக்கில் கேளுங்கள். உங்கள் இஷ்டத்துக்குப் பிரித்துக் கேட்டால் "கேட்ட வடிவில் தகவல் சேகரிக்கப்படுவதில்லை" என்று ஒற்றை வரியில் முடித்துவிடுவார்கள்.

மின்கட்டணத்துக்குப் பி.க்யூ. அநேகமாக வீண். விலையை நிர்ணயிப்பது விற்பனை நிறுவனங்கள், அவற்றைக் கண்காணிப்பது சி.ஆர்.யூ. என்னும் சுதந்திர ஆணையம், அமைச்சருக்கு இதில் பங்கில்லை என்று விடை வரும். அமைச்சர்களிடம் கேட்கக்கூடியவை வேறு: கட்டணத்தின் மீதான வாட் வரி 2022 மே மாதம் 13.5%இலிருந்து 9% ஆனது, 2024–25 குளிர்காலத்தில் வீட்டுக்கு இரண்டு தடவை 125 யூரோ சலுகை தந்தது, 2026 பட்ஜெட்டில் அது இல்லாமல் போனது ஆகியவை கொள்கை முடிவுகள். வாட் என்றால் நிதியமைச்சர், மற்றதற்கு எரிசக்தி அமைச்சர்.

உங்கள் பில் தவறு என்றால் வழியே வேறு. பில்லில் ரீடிங் பக்கத்தில் இருக்கும் எழுத்தைப் பாருங்கள்: ஏ என்றால் மீட்டரில் பார்த்தது, ஈ என்றால் உத்தேசம், சி என்றால் நீங்கள் கொடுத்தது. தொடர்ந்து ஈ வந்தால் மீட்டரைப் போட்டோ எடுத்து ரீடிங் அனுப்புங்கள். பில்லில் இருக்கும் எம்.பி.ஆர்.என். என்னும் 11 இலக்க மின் இணைப்பு எண் உங்கள் வீட்டு மீட்டருடையதா என்றும் பாருங்கள். அபார்ட்மென்ட்களில் பக்கத்து வீட்டு எண் மாறியிருப்பது உண்டு. ஸ்மார்ட் திட்டம் எடுத்திருந்தால் மாலை 5 முதல் 7 வரைதான் விலை உச்சம், இரவு 11 முதல் காலை 8 வரை மலிவு. தண்ணீர்த் தொட்டியின் இம்மர்ஷன் சுவிட்சில் "சிங்க்" (கொஞ்சம் தண்ணீர் மட்டும் சூடாகும்), "பாத்" (தொட்டி முழுதும் சூடாகும்) என்று இரண்டு நிலை இருக்கும். 3 கிலோவாட் ஹீட்டர் மணிக்கு 3 யூனிட் இழுக்கும். யூனிட் 35 சென்ட் என்று வைத்தாலும் மணிக்கு ஒரு யூரோவுக்கு மேல். புதிதாக வந்தவர்கள் அதை "பாத்"தில் போட்டுவிட்டு மறந்தால் பில் எகிறும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் தீரவில்லை என்றால், நிறுவனத்திடம் முறைப்படி புகார் கொடுத்து எண் வாங்குங்கள். அங்கே முடியாவிட்டால் சி.ஆர்.யூ.வுக்குப் போகலாம். டி.டி.க்கள் விசாரிக்க அந்த ஆணையத்தில் தனி ஈமெயில் வசதி இருக்கிறது, உங்கள் டி.டி. அதைப் பயன்படுத்தலாம்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து வரப்போவது ஐ.ஆர்.பி. என்னும் குடியிருப்பு அனுமதி கார்டும் குடியுரிமையும்தான். தனி நபர் குடியேற்றக் கோப்புக்குப் பி.க்யூ. போட்டால், "இதற்கென்றே உறுப்பினர்களுக்கு எராக்தஸ் மெயில் வசதி இருக்கிறது" என்று நீதித்துறை ஒரே பத்தியைத் திரும்பத் திரும்ப எழுதும். அதனால் நேராக அந்த மெயில் வழியே விசாரிக்கச் சொல்லுங்கள். கோப்பு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தெரியவரும், வேகப்படுத்தாது. ஓட்டுநர் தேர்வு தாமதமென்றால் போக்குவரத்து அமைச்சர் சாலைப் பாதுகாப்பு ஆணையத்துக்குத் தள்ளிவிடுவார், அங்கும் அதே பத்து நாள் கணக்கு. தெருவிளக்கு, பள்ளம், குப்பை எல்லாம் கவுன்சிலர் வேலை. கவுன்சிலரைத் தேர்ந்தெடுக்கும் உள்ளாட்சித் தேர்தலில் உங்களுக்கு ஓட்டு உண்டு, குடியுரிமை தேவையில்லை. பி.பி.எஸ். எண்ணும் (அரசுச் சேவைகளுக்கான தனி நபர் எண்) ஏர்கோடும் (வீட்டு அஞ்சல் குறியீடு) வைத்து இணையத்திலேயே பதியலாம். இந்த வாரமே செய்துவிடுங்கள்.

டி.டி.க்கு எழுதும் ஈமெயிலில் ஒரு விஷயம் மட்டும் இருக்கட்டும். மேலே பெயர், ஏர்கோட், போன். அடுத்து கோப்பு எண்ணும் தேதிகளும். பிறகு இதுவரை யாரிடம் கேட்டீர்கள், என்ன சொன்னார்கள். கடைசியில் வேண்டிய கேள்வி. ஒரு பக்கம் தாண்ட வேண்டாம். மருத்துவக் கோப்பை முழுசாக அனுப்பாதீர்கள், பரிந்துரைத் தேதியும் மருத்துவமனை எண்ணும் போதும். மனைவி விஷயத்துக்கு அவரே கையெழுத்திட்ட ஒப்புதல் வேண்டும், கணவர் என்பது போதாது. மகனுக்குப் பெற்றோர் ஒப்புதல் போதும். தகவல் பாதுகாப்புச் சட்டம் இருப்பதால் இது இல்லாமல் துறைகள் விவரம் தர மாட்டா.

கோடையில் ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் வரை சபை கூடாது. கிறிஸ்துமஸ், ஈஸ்டர் சமயத்திலும் விடுமுறை. அந்த நாள்களில் கேள்விக்காகக் காத்திராமல், துறைக்கு நேரடிக் கடிதம் எழுதச் சொல்லுங்கள். மகன் விண்ணப்பத்துக்கு வந்த ஏற்புக் கடிதத்தை இன்று எடுத்துப் பாருங்கள். அதில் தேதி இருந்து, அதிலிருந்து மூன்று மாதம் தாண்டியும் மதிப்பீடு தொடங்கவில்லை என்றால், கேள்விக்குக் காத்திராமல் புகாரை உடனே அனுப்பலாம்.