மாரடைப்பு 3, பக்கவாதம் 25

கேள்வி: கிரீன்லாந்து எஸ்கிமோக்கள் மீனும் கொழுப்புமாகச் சாப்பிட்டும் அவர்களுக்கு மாரடைப்போ பக்கவாதமோ வருவதே இல்லை என்று படித்தேன். நானும் ஆறு மாதமாகத் தினம் ஒரு மீன் எண்ணெய் மாத்திரை போடுகிறேன். இனி பிரஷர் மாத்திரையை விட்டுவிடலாம்தானே?

பதில்: விடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நீங்கள் படித்தது பாதிக் கதை. மாரடைப்பு குறைவு என்பதற்காவது ஓரளவு ஆதாரம் உண்டு. ‘பக்கவாதம்’ என்ற சொல்லை நடுவில் யாரோ சொருகிவிட்டார்கள். கிரீன்லாந்தின் வடமேற்குக் கரையில் உபெர்நாவிக் என்றொரு வட்டாரம். சின்னச் சின்னத் தீவுகளில் சிதறிக் கிடக்கும் குடியிருப்புகள், சுமார் 1,800 பேர். 1950 முதல் 1974 வரை அங்கே யாருக்கு என்ன நோய் வந்தது என்று கிரோமன், கிரீன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் கணக்கெடுத்து 1980-ல் வெளியிட்டார்கள். டென்மார்க்கில் வரும் விகிதத்தில் வந்திருந்தால் 40 மாரடைப்பு வந்திருக்க வேண்டும், வந்தது 3. பக்கவாதம் 15 வந்திருக்க வேண்டும், வந்தது 25. ஒரே அட்டவணையில் இரண்டு வரிகள். முதல் வரி உலகம் சுற்றி வந்து மருந்துக்கடை அலமாரியில் ஏறி உட்கார்ந்துவிட்டது. இரண்டாவது உபெர்நாவிக்கிலேயே தங்கிவிட்டது.

இந்தக் கதையைத் தொடங்கி வைத்தவர்கள் பாங், டையர்பெர்க் என்ற டேனிஷ் மருத்துவர்கள். 1970-ல் நாய் வண்டியில் போய் 130 பேரின் ரத்தத்தை எடுத்துக் கொழுப்பை அளந்தார்கள். இதயத்தை யாரும் பரிசோதிக்கவில்லை. மாரடைப்பு குறைவு என்பது அரசு மருத்துவ அறிக்கைகளில் இருந்து எடுத்தது. மருத்துவரே எட்டாத குடியிருப்புகளில் இறந்தவருக்கு என்ன நோய் என்று எழுதியிருப்பார்கள் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். (‘எஸ்கிமோ’ என்பது அவர்களுக்குப் பிடிக்காத பெயர். தங்களைக் கலாலித் என்கிறார்கள்.)

அவர்கள் பழைய உணவு சீல், திமிங்கிலம், மீன். திமிங்கிலத்தின் தோலை அடிக்கொழுப்போடு சேர்த்துப் பச்சையாகத் துண்டு போட்டுத் தின்பார்கள். மத்தாக் என்று பெயர். இந்தக் கொழுப்பில் உள்ள ஒமேகா-3 என்ற கொழுப்பு அமிலம், ரத்தத்தை உறைய வைக்கும் நுண்ணிய தட்டணுக்களின் சவ்வில் போய் உட்காரும். வழக்கமாக அங்கே இருப்பது அராக்கிடோனிக் அமிலம் என்ற இன்னொரு கொழுப்பு அமிலம். அதிலிருந்து தட்டணு த்ராம்பாக்சேன் ஏ2 என்ற பொருளைச் செய்கிறது. அதுதான் தட்டணுக்களை ஒன்றோடொன்று ஒட்ட வைப்பது. ஒமேகா-3 இடம் பிடித்தால் ஏ2-க்குப் பதில் ஏ3 உருவாகும். அதற்கு ஒட்ட வைக்கும் வலு கிடையாது. தோலில் சிறு கீறல் போட்டுப் பார்த்தபோது, டேனிஷ்காரர்களுக்கு 5 நிமிடத்துக்குள் நின்ற ரத்தம் இவர்களுக்கு நிற்க 8 நிமிடம் ஆனது.

இதயத்துக்கு இது லாபமாக இருக்கலாம். மூளையின் கதை வேறு. பக்கவாதம் இரண்டு வகை: குழாய் அடைத்து வருவது ஒன்று, குழாய் வெடித்து ரத்தம் கசிவது இன்னொன்று. ரத்தம் உறையத் தாமதமானால் முதல் வகைக்கு நல்லது, இரண்டாவதற்கு ஆகாது. அதற்காக மீன் எண்ணெய்தான் அந்த 25 பேரையும் படுக்க வைத்தது என்று எதிர்ப்பக்கம் தாவவும் வேண்டாம். கிரீன்லாந்தில் புகைப்பழக்கம் மிக அதிகம். அதோடு, கலாலித் மக்களின் மரபணுவே இந்த உணவுக்கேற்ப மாறியிருப்பதை 2015-ல் கண்டுபிடித்தார்கள். அவர்கள் உடம்பு கொழுப்பைக் கையாளும் விதம் வேறு. அவர்கள் தட்டு உங்களுக்கு அப்படியே பொருந்தாது.

இப்போது உங்கள் குப்பியை எடுத்துப் பின்பக்கம் திருப்புங்கள். முன்னால் 1000 மி.கி. என்று பெரிதாக இருக்கும். அது எண்ணெயின் எடை. பொடி எழுத்தில் இ.பி.ஏ. 180, டி.எச்.ஏ. 120 என்று இருக்கும். இவை இரண்டும்தான் மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3. சாதாரண மாத்திரை ஒன்றில் உள்ள சரக்கு இந்த 300 மி.கி.தான். அமெரிக்காவில் 25,871 பேரிடம் ஐந்தாண்டுக்கு மேல் நடந்து 2018-ல் வெளியான ‘வைட்டல்’ ஆய்வில் தினம் 840 மி.கி. ஒமேகா-3 கொடுத்தும் பக்கவாதம் குறையவில்லை. சரி, பத்து மாத்திரையாக விழுங்கி 3 கிராம் சேர்த்தால்? மேல் பிரஷர் இரண்டு, மூன்று புள்ளி இறங்கும். வழக்கமான அளவில் ஒரே ஒரு பிரஷர் மாத்திரை சுமார் 9 புள்ளி இறக்கும். போதாததற்கு, தினம் 1 கிராமுக்கு மேல் போனால் இதயம் தாறுமாறாகத் துடிக்கும் கோளாறு வரும் வாய்ப்பு கூடுகிறது. அப்படித் துடிக்கும் இதயத்தின் மேலறையில் ரத்தம் தேங்கிக் கட்டியாகும்; கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம்தான். தப்பிக்க விழுங்கியதே கொண்டுவந்து விடும்.

பிரஷர் இந்த இரண்டு வகைக்கும் பொது. வருடக்கணக்கில் ஏறியே இருந்தால் மூளைக்குள் ஓடும் நுண்ணிய தமனிகளின் சுவர் கெட்டுப்போய் ஒன்று அடைக்கும், அல்லது வெடிக்கும். மீன் பிடித்தால் வாரம் இரண்டு வேளை சாப்பிடுங்கள், ஆனால் உப்புக் கண்டமாக வேண்டாம். ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து உப்பு 5 கிராம், தலைதட்டி ஒரு தேக்கரண்டி. பொட்டலத்தில் சோடியம் என்று போட்டிருந்தால் இரண்டரையால் பெருக்குங்கள்: 800 மி.கி. சோடியம் என்றால் 2 கிராம் உப்பு.

பிரஷரை வீட்டிலேயே ஒரு வாரம் பாருங்கள். காலையில் மாத்திரைக்கு முன், மாலையில் சாப்பாட்டுக்கு முன். அதற்கு அரை மணி முன்பிருந்து காபி, சிகரெட் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்த்து, கால் தரையில் பதிய ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கை மேசை மேல், நெஞ்சு உயரத்தில். கருவியின் பட்டை வெறும் கையில், சட்டைத் துணி மேல் வேண்டாம். பருத்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் இல்லாத பிரஷரைக் காட்டும், கை தொங்கினாலும் அப்படியே. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்து இரண்டையும் எழுதுங்கள். முதல் நாள் கணக்கை விட்டுவிட்டு மீதியின் சராசரியை மருத்துவரிடம் காட்டுங்கள். மாத்திரையைக் குறைப்பதா கூட்டுவதா என்று அவர் சொல்லட்டும். போகும்போது மீன் எண்ணெய்க் குப்பியையும் எடுத்துப் போங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரினோ வார்ஃபரினோ நீங்கள் சாப்பிடுபவர் என்றால், மருத்துவர் முதலில் கேட்கப்போவது அந்தக் குப்பியைப் பற்றித்தான்.