‘மொபிலைஸ்’ என்னும் ஆங்கில வினைச்சொல்லின் பொருள் என்ன? அதை எங்கெல்லாம் பயன்படுத்தலாம்?

பெரும்பாலான அகராதிகள் இதற்குத் ‘திரட்டு’ என்று பொருள் தருகின்றன. அது தவறில்லை, ஆனால் அதை மட்டும் பிடித்துக்கொண்டால் பாதி இடங்களில் வழுக்கிவிடும். நகரக்கூடியது என்று பொருள்படும் லத்தீன் சொல்லை வேராகக் கொண்டு, பிரெஞ்சு மொழி வழியாக 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது. கிடப்பில் உள்ள ஒன்றைக் கிளப்பிப் பயன்படும் நிலைக்குக் கொண்டுவருவது என்று முதலில் புரிந்துகொண்டால், பிற பொருள்கள் அதிலிருந்து எளிதாக விளங்கும்.

இராணுவ வழக்கே இதில் மிகவும் அறியப்பட்டது. ஒரு நாடு மொபிலைஸ் செய்கிறது என்றால், வீட்டில் இருக்கும் ரிசர்வ் வீரர்களை அழைத்து, சீருடையும் ஆயுதமும் கொடுத்து, எல்லைக்கு அனுப்பும் ஏற்பாடு முழுவதும் அதில் அடங்கும். 1914 ஜூலை இறுதியில் ரஷ்யா பொதுப் படைதிரட்டலுக்கு ஆணையிட்டவுடன், அதை நிறுத்தும்படி கெடு விதித்த ஜெர்மனி, ஆகஸ்ட் 1 அன்று போரையே அறிவித்துவிட்டது. படைதிரட்டலை வெறும் முன்னேற்பாடாக அன்று ஜெர்மனி பார்க்கவில்லை. 2022 செப்டம்பர் 21 அன்று புதின் அறிவித்த பகுதிப் படைதிரட்டலில் 3 லட்சம் ரிசர்வ் வீரர்கள் அழைக்கப்படுவார்கள் என்று சொல்லப்பட்டதும் இதே பொருளில்தான்.

இலக்கணத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தமிழில் மக்கள் திரள்கிறார்கள், தலைவர் மக்களைத் திரட்டுகிறார் என்று தன்வினைக்கும் பிறவினைக்கும் வடிவம் மாறும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் மொபிலைஸ் என்ற ஒரே வடிவம்தான். பின்னால் செயப்படுபொருள் வருகிறதா என்று பார்த்தே பிரித்தறிய வேண்டும்.

ஒப்பந்த ஆவணங்களை மொழிபெயர்ப்பது என் வேலை என்பதால், நான் இச்சொல்லை அதிகம் சந்திப்பது டெண்டர் தாள்களில்தான். பணி ஆணை கிடைத்த ஒப்பந்ததாரர் தளத்தில் வேலையைத் தொடங்குவதற்காக, வங்கி உத்தரவாதத்தின் பேரில் அவருக்கு முன்பணம் கொடுப்பதுண்டு. மத்தியப் பொதுப்பணித் துறை ஒப்பந்தங்களில் இது டெண்டர் மதிப்பில் 10 சதவீதத்துக்கு மிகாது. பின்னர் அவருடைய பில்களிலிருந்து வட்டியோடு பிடித்துக்கொள்வார்கள். இதற்குப் பெயர் மொபிலைசேஷன் அட்வான்ஸ். இதைத் ‘திரட்டல் முன்பணம்’ என்று பெயர்த்தால், ஒப்பந்ததாரர் எங்கோ வசூலுக்குக் கிளம்பியதைப் போலத் தொனிக்கும். உண்மையில் வேறோர் ஊரில் நிற்கும் பொக்லைனை டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுவருவதும், கான்கிரீட் கலவை இயந்திரத்தை நிறுவுவதும், தொழிலாளர்களுக்குக் கொட்டகை போடுவதும்தான் அங்கே நடக்கும் மொபிலைசேஷன். ‘பணித் தொடக்க முன்பணம்’ என்று எழுதுவதே என் வழக்கம். அலுவலகத்தில் எல்லோரும் அட்வான்ஸ் என்றுதான் சொல்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

வங்கியில் டெபாசிட் மொபிலைசேஷன் என்றால், வீடுகளிலும் கடைகளிலும் முடங்கிக் கிடக்கும் பணத்தை வைப்புத்தொகையாக உள்ளே கொண்டுவருவது. இங்கே ‘திரட்டு’ கச்சிதமாகப் பொருந்தும். அரசு நிதிநிலை அறிக்கையில் கூடுதல் வள ஆதாரங்களைத் திரட்டுவோம் என்று வந்தால், பெரும்பாலும் புதிய வரியோ வரி உயர்வோ வருகிறது என்று படிக்கலாம்.

மருத்துவத்தில் பொருள் சற்றுத் திரும்புகிறது. அறுவை சிகிச்சை முடிந்த நோயாளியை விரைவில் எழுப்பி நடக்க வைப்பதும் மொபிலைஸ் செய்வதுதான். வயிற்றுச் சுவரோடு ஒட்டியிருக்கும் பெருங்குடல் பகுதியை அறுவை மருத்துவர் பிரித்து விடுவிப்பதும் மொபிலைஸ் செய்வதுதான். குடலைத் திரட்டினார் என்று எழுதினால் படிப்பவர் என்ன நினைப்பார்? இவ்விடங்களில் ‘நடமாடச் செய்’, ‘விடுவி’ என்று சூழலுக்கேற்ப எழுத வேண்டும்.

ஏற்கெனவே வரவேண்டிய தொகையை வாங்குவதற்கு மட்டும் இச்சொல்லைப் பயன்படுத்த வேண்டாம். கடன் தவணை, வாடகை, மின்கட்டணம் ஆகியவற்றுக்கு ஆங்கிலத்தில் ‘கலெக்ட்’, தமிழில் ‘வசூலி’. எழுத்துக்கூட்டலில், பிரிட்டிஷ் வழக்கில் கடைசிப் பகுதியை ‘எஸ்’ எழுத்தாலும் ‘இஸட்’ எழுத்தாலும் எழுதுவதுண்டு. அமெரிக்கர்கள் ‘இஸட்’ மட்டுமே எழுதுவார்கள். எதை எடுத்தாலும் ஒரே ஆவணத்துக்குள் மாற்றாமல் எழுதுங்கள்.