டி.என்.ஏ. பொருந்தியும் விடுதலையா?

கேள்வி: ஓர் இளம்பெண் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்ட டெல்லி சாவ்லா வழக்கில், குற்றம் சாட்டப்பட்டவர்களின் டி.என்.ஏ. பொருந்தியதாக அறிக்கை இருந்தும், தூக்குத் தண்டனை பெற்ற மூன்று பேரை 2022இல் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. அறிவியலையே நம்பவில்லையா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அறிவியலைச் சந்தேகிக்கவில்லை அம்மா. மாதிரிகள் ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்த வழியைத்தான் சந்தேகித்தார்கள்.

2012 பிப்ரவரி 14, 16 தேதிகளில் எடுத்த மாதிரிகள் ஆய்வகத்துக்குப் போனது 27ஆம் தேதி. அதுவரை போலீஸார் வழக்குச் சொத்துகளை வைக்கும் அறையில் கிடந்தன. இடையில் யாரும் கைவைத்திருக்க வாய்ப்பே இல்லை என்று சொல்ல முடியாது என்றது நீதிமன்றம். நிபுணர் எந்த அடிப்படையில் அந்த முடிவுக்கு வந்தார் என்பதைக் கீழ் நீதிமன்றங்கள் ஆராயவில்லை என்றும் சொன்னது.

தடய அறிவியல் ஆய்வகத்தில் வேலை பார்த்தவன் நான். உறை வந்ததும் முதலில் பார்ப்பது முத்திரையைத்தான். ரத்தம் தோய்ந்த துணியை ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டினால் பூஞ்சையும் பாக்டீரியாவும் டி.என்.ஏ.வைச் சிதைத்துவிடும். நிழலில் உலர்த்திக் காகித உறையில் போட வேண்டும். கெட்டுப்போன மாதிரியை எந்த இயந்திரமும் மீட்டுத் தராது.

சரி, எல்லாம் ஒழுங்காக நடந்தால்? அப்போதும் அது யாருடையது என்றுதான் தெரியும்; எப்போது, எப்படி அங்கே வந்தது என்று தெரியாது. ஜெர்மனியின் ஹைல்புரோன் நகரில் 2007இல் ஒரு பெண் காவலர் சுட்டுக் கொல்லப்பட்டார். காரில் கிடைத்த டி.என்.ஏ., ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸில் சுமார் 40 குற்ற இடங்களில் கிடைத்த ஒரே பெண்ணுடையதோடு பொருந்தியது. அவளைப் பற்றித் துப்புக் கொடுத்தால் 3 லட்சம் யூரோ என்றார்கள். 2009இல்தான் தெரிந்தது, அது மாதிரி எடுக்கும் பஞ்சுக் குச்சியைத் தயாரித்த இடத்தில் வேலை செய்த பெண்ணுடையது என்று! குச்சிகளில் கிருமி நீக்கியிருந்தார்கள். அது கிருமியைக் கொல்லும், டி.என்.ஏ.வை அகற்றாது. கொல்லப்பட்ட காவலரின் துப்பாக்கியோ 2011இல், ஹிட்லரின் கொள்கையைப் பின்பற்றும் நவநாஜிக் கும்பல் ஒன்றின் வண்டியில் கிடைத்தது.

சாவ்லா வழக்கில் இறந்தவள் 19 வயதுப் பெண். மறுஆய்வு மனுக்களும் 2023இல் தள்ளுபடியாகிவிட்டன. அந்தப் பெற்றோரை நினைத்தால் எனக்கு ஆத்திரமாக வருகிறது. 14ஆம் தேதி எடுத்த மாதிரியை முத்திரையிட்டு மறுநாளே அனுப்பியிருந்தால், தீர்ப்பு எந்தப் பக்கம் போயிருந்தாலும் அவர்களுக்கு இந்தச் சந்தேகமாவது மிஞ்சியிருக்காது.