மலை வீட்டுக்கு வெள்ளக் காப்பீடு வேண்டுமா?

கேள்வி: குன்னூர் பக்கம் சரிவில் 1,000 சதுர அடியில் வீடு கட்டியிருக்கிறோம். பின்னால் 12 அடிக்கு மண் வெட்டித் தடுப்புச்சுவர் எழுப்பினோம். முன்வாசல் மண் கொட்டி மேடாக்கிய இடம். வெள்ளக் காப்பீடு எடுக்கச் சொல்கிறார்கள். ஆறே இல்லாத மேட்டில் அது எதற்கு?

பதில்: காப்பீடு கட்டாயம் எடுங்கள். ஆனால் வெள்ளத்தை நினைத்து அல்ல, மண்சரிவை நினைத்து. 2009 நவம்பர் மழையில் குன்னூர், கேத்திப் பக்கம் உயிர்களையும் வீடுகளையும் கொண்டுபோனது சரிந்து வந்த மண்தான்.

வெள்ளத்துக்கென்று தனி பாலிசி தேட வேண்டியதில்லை. 2021 ஏப்ரல் முதல் அரசு, தனியார் என்று எல்லாப் பொதுக் காப்பீட்டு (ஆயுள் அல்லாத காப்பீட்டு) நிறுவனங்களும் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற ஒரே மாதிரியான வீட்டு பாலிசியைத் தருகின்றன. தீ, இடி, புயல், வெள்ளம், நிலச்சரிவு, பாறைச்சரிவு, வீடு நிற்கும் நிலம் உள்வாங்குவது எல்லாம் அதற்குள் அடங்கும். தடுப்புச்சுவரும் கட்டடத்தின் பகுதிதான். அதைக் கட்டும் செலவையும் காப்பீட்டுத் தொகையில் சேர்த்துச் சொல்லுங்கள்.

நீங்கள் கவனிக்க வேண்டியது விலக்குப் பகுதியை. கொட்டிய மண் இறங்கியதால் வந்த விரிசல், புதுக் கட்டடம் அமரும்போது விழும் விரிசல், மோசமான வடிவமைப்பு அல்லது வேலை, மண் தோண்டியதால் வந்த சரிவு ஆகியவற்றுக்குப் பணம் கிடைக்காது. உங்கள் முன்வாசல் அப்படியே இதில் மாட்டுகிறது. மலையில் பாதி வீடு வெட்டிய மண்ணிலும் பாதி கொட்டிய மண்ணிலும் நிற்பது சகஜம் என்பதால், தகராறு பெரும்பாலும் இங்கேதான் கிளம்பும். இன்றே சுவர், தரை, தூண் அடி எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். கட்டட அனுமதி, வரைபடம், பொறியாளர் தந்த தாள்களையும் பத்திரப்படுத்துங்கள்.

தொகையை நிலத்தின் சந்தை விலையை வைத்துச் சொல்லாதீர்கள். திரும்பக் கட்ட என்ன ஆகும் என்பதே கணக்கு. சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்றால் 25 லட்சம். மலைக்கு மணல், கம்பி ஏற்றும் கூலியையும் விட்டுவிடாதீர்கள். வீட்டுச் சாமான்களுக்குக் கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம், தானாகவே சேரும். நகைக்குத் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும்.

வங்கிக் கடன் இருந்தால், கடனோடு எடுத்தது வீட்டுக்கான பாலிசிதானா என்று பாருங்கள். பல பேர் கையில் இருப்பது கடன் வாங்கியவரின் ஆயுள் காப்பீடு மட்டுமே.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்கு முன்பே பாலிசி கையில் இருக்கட்டும். தடுப்புச்சுவரில் தண்ணீர் வடியும் துளைகளையும் தூர் எடுங்கள். அவை அடைத்தால் பின்னால் தேங்கும் நீரின் அழுத்தமே சுவரைத் தள்ளிவிடும். எந்த பாலிசியும் அதைத் தடுக்காது.

கேள்வி: கோத்தகிரி வீட்டை சீசனில் சுற்றுலாப் பயணிகளுக்கு விடுகிறோம். இதே பாலிசி போதுமா?

பதில்: போதாது. விடுமுறை இல்லமாகவோ தங்கும் விடுதியாகவோ நடத்தினால் இந்த பாலிசி பணம் தராது. மாத வாடகைக்குக் குடித்தனம் வைப்பதில் தடையில்லை. ஹோம்ஸ்டே என்பதை மறைக்காமல் சொல்லி, வணிகக் கட்டடத்துக்கான பாலிசி கேளுங்கள்.

கேள்வி: மண் உள்ளே வந்துவிட்டால் முதலில் என்ன செய்வது?

பதில்: முதலில் ஆட்களை வெளியேற்றுங்கள். ஆபத்து நீங்கியதும், மண்ணை அள்ளுவதற்கு முன் படம் எடுங்கள். நிறுவனத்துக்கு உடனே தகவல் சொல்லி, 30 நாளுக்குள் கோரிக்கைப் படிவம் கொடுங்கள். மறுத்தால் நிறுவனத்திடம் எழுத்தில் முறையிடுங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது வந்த பதில் திருப்தியில்லை என்றால், காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளரான இன்சூரன்ஸ் ஒம்பட்ஸ்மேனிடம் ஓராண்டுக்குள் போகலாம். கட்டணம் கிடையாது.