சென்னை போன்ற ஊர் எது?

கேள்வி: சின்னச் சின்ன சுகங்களில் மகிழ்ச்சி காண வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சென்னை போன்ற ஊரில், காசு செலவழிக்காமல், அப்படி என்ன சுகம் கிடைத்துவிடப் போகிறது?
– ஒரு வாசகி, குரோம்பேட்டை

பதில்: ‘சென்னை போன்ற ஊர்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி வேறு எந்த ஊர் இருக்கிறது, சொல்லுங்கள் அம்மா. இங்கே சம்பாதித்து, இங்கே வீடு கட்டி, பிள்ளைகளையும் இங்கேயே படிக்கவைத்துவிட்டு, ‘சீ, இதெல்லாம் ஒரு ஊரா’ என்று பேசுகிறவர்களோடு எனக்குப் பல வருஷச் சண்டை. இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு அது தெரியும். இன்றைக்கும் அந்தச் சண்டையை நான் விடுவதாக இல்லை.

கத்திரி வெயிலில் பகல் 12 மணி தாண்டியதும் நான் கொடியில் காயும் துணியைப் பார்க்க ஆரம்பிப்பேன். அதுவரை மேற்கிலிருந்து அனல் அடித்துக்கொண்டிருக்கும். தரை கொதித்து, அதன் மேலுள்ள காற்று எழும்பிப் போக, அந்த இடத்துக்கு வங்காள விரிகுடாவிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். துணி சட்டென்று மறுபக்கம் ஆடும். ‘இறங்கிடுச்சு’ என்று மொட்டைமாடியிலிருந்து யாராவது சொல்வார்கள். கழுத்து வேர்வை ஆறுகிற அந்த ஒரு நிமிஷத்துக்கு ஈடாக இந்த ஊரில் எதையும் நான் சொல்ல மாட்டேன். இந்தக் கடல்காற்று முதலில் திருவல்லிக்கேணிக்கும் மயிலாப்பூருக்கும் வரும், அப்புறம் தி.நகர். உங்கள் குரோம்பேட்டைக்கு வந்துசேர இன்னும் நேரமாகும். மேற்கிலிருந்து அடிக்கும் மேல்காற்று வலுத்த நாளில் அதை உள்ளே விடாது. அப்போதுதான் ஊர் எரியும். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி. அன்று இங்கே இருந்தவர்களுக்குக் கடல்காற்றின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டாம்.

மெரினாவில் காற்று வாங்கவும் காசு கேட்பதில்லை. 1880களில் கவர்னராக இருந்த கிராண்ட் டஃப், கடலோரம் நடைபாதை போட்டு, சிசிலித் தீவை நினைத்து அதற்கு மெரினா என்று பெயர் வைத்தார். அந்த மணலில் போய் உட்கார இன்றும் டிக்கெட் இல்லை. நம்மிடம் இருக்கும் பெரிய சொத்து அது.

சரி, காசில்லாத சுகத்தில் அடுத்ததாகப் பூங்காவுக்கு வருகிறேன். எங்கள் பகுதிப் பூங்காவில் காலை நடைப்பயிற்சிக்காரர்கள் போனதும் கேட்டைப் பூட்டிவிடுகிறார்கள். மறுபடி திறப்பது மாலை 4 மணிக்கு. உள்ளே வேப்பமர நிழலும் சிமென்ட் பெஞ்சும் சும்மா கிடக்கின்றன. வெளியே ஒரு டெலிவரி பையன் பைக்கில் சாய்ந்தபடி வெயிலிலேயே சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கிறான். இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு மூன்றாவது வீட்டுக்கு நேரம் பார்த்து நிற்கும் அம்மாவுக்கு உட்கார இடமில்லை. பக்கத்துத் திண்டிலும் யாரும் உட்காராதபடி கம்பி நட்டிருக்கிறார்கள். ஏன் பூட்டுகிறீர்கள் என்று கேட்டால், ‘கண்டவங்க வந்து படுத்துக்குவாங்க சார்’ என்கிறார்கள். படுக்கட்டுமே! மே மாத மதியம் மரத்தடியில் அரை மணி கண்ணயர விடாத பூங்கா வேறு எதற்கு? இதை எத்தனையோ முறை எழுதிவிட்டேன். திறக்கும்வரை எழுதுவேன்.

நீங்கள் சொன்ன அந்த ‘எல்லோரும்’ மீதும் எனக்குக் கோபம் உண்டு. சின்னதில் மகிழ்ச்சி காணுங்கள் என்று மேடை போட்டுச் சொல்கிறார்கள். அந்தச் சின்னதை ஒருவர் பூட்டிச் சாவியை எடுத்துப்போகும்போது மட்டும் வாய் திறப்பதில்லை. காற்றும் நிழலும் உட்கார இடமும் எல்லோருக்கும் கிடைக்கும்படி வைத்தால்தானே, அவரவர் மகிழ்ச்சியை அவரவர் பார்த்துக்கொள்ள முடியும்?

உங்கள் வழியிலேயே இன்னொன்று இருக்கிறது. தாம்பரம் – கடற்கரை மின்சார ரயில், 1931 முதல் ஓடுகிறது. கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து ஏறி, ஜன்னலோரம் உட்காருங்கள். கிண்டி தாண்டி, சைதாப்பேட்டைக்கு முன்னால் அடையாற்றுப் பாலத்தில் போகும்போது பெட்டிக்குள் ஒரு காற்று புகும். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்த கையோடு போனால் ஆற்றில் தண்ணீரும் இருக்கும், நாற்றமும் குறைந்திருக்கும். டிக்கெட் எடுக்க வேண்டும், அதனால் இதைச் செலவில்லாத கணக்கில் சேர்க்கவில்லை.

உங்களிடம் எனக்கும் ஒரு கேள்வி. உங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பூங்கா மதியம் 2 மணிக்குத் திறந்திருக்கிறதா? ஒரு நடை போய்ப் பாருங்கள். பூட்டியிருந்தால் ஒரு மனு எழுதுங்கள். குரோம்பேட்டை இப்போது தாம்பரம் மாநகராட்சி என்பதால் அங்கேதான் கொடுக்க வேண்டும். நகலை எனக்கு அனுப்புங்கள், அடுத்த இதழில் இந்தப் பக்கத்திலேயே போடுகிறேன்.