காட்டுத்தீ அணைக்கிற வேலைக்குப் போகணும்னா ஃபயர் சர்வீஸா, ஃபாரஸ்டா?

சேலம் அடிவாரத்துப் பக்கத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார். பி.எஸ்சி. பாட்டனி முடிச்சிருக்கார். மார்ச் மாசம் ராத்திரி மொட்டை மாடியில நின்னா சேர்வராயன் மலைச் சரிவுல தீ கோடு போட்ட மாதிரி ஓடறது தெரியுதாம், அதைப் பாத்துப் பாத்தே இந்த வேலைக்குப் போகணும்னு ஆசை வந்திருச்சாம். ஃபயர் சர்வீஸ் எக்ஸாம் எழுதணுமா, தனியா கோர்ஸ் இருக்கா, அமெரிக்கா மாதிரி ஊர்ல வேலை கிடைக்குமா, வீட்ல அம்மா "இதெல்லாம் ஒரு பொழப்பா"ன்னு கேக்கறாங்களே என்ன சொல்றது, இதான் கேள்வி.

தம்பி, நம்ம ஊர்ல காட்டுத்தீ அணைக்கிறதுக்குன்னே தனி போஸ்டிங் கிடையாதுங்க. ஃபாரஸ்ட் கார்டு (வனக்காப்பாளர்), வாச்சர் (வனக்காவலர்), வேட்டைத் தடுப்புக் காவலர், அப்புறம் சீசனுக்கு மட்டும் தினக்கூலிக்கு எடுக்கிற ஃபயர் வாச்சர், இவங்கதான் அந்த வேலையைச் செய்யறாங்க, எல்லாம் வனத்துறை. ஃபயர் சர்வீஸ் வண்டியும் வரும், வராம இருக்காது, ஆனா அவ்ளோ பெரிய தண்ணி வண்டி ஏற்காடு ரோட்டை விட்டு இறங்கி எங்க போகும் சொல்லுங்க? ஹோஸ் எட்டற வரைக்கும் அடிச்சு அணைப்பாங்க, அதுக்கு மேல சரிவுல ஏறிப் போறது ஃபாரஸ்ட் ஆளுங்கதான். அதனால மனசு காட்டுப் பக்கம்னா ஃபாரஸ்ட் எக்ஸாம். கடைத்தீ, ரோடு ஆக்சிடென்ட், கிணத்துல விழுந்த மாடு எல்லாத்துக்கும் ஓடத் தயார்னா சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தற தீயணைப்பாளர் எக்ஸாம். ரெண்டையும் எழுதி வைங்க, தப்பில்ல, ஆனா ரெண்டும் ஒரே வேலைன்னு நெனச்சுட்டுப் போயிறாதீங்க.

எக்ஸாம் போறதுக்கு முன்னாடி வேலை எப்படி இருக்கும்னு கொஞ்சம் சொல்லிடறேன், ஏன்னா யூட்யூப்ல வர்ற கலிஃபோர்னியா தீ வேற, சேர்வராயன் தீ வேற. அங்க மர உச்சி வரைக்கும் பத்திக்கிட்டு ஓடும், ப்ளேன்ல இருந்து செவப்பா மருந்து கொட்டுவாங்க. இங்க பெரும்பாலும் தரைத்தீ. மேல காபித் தோட்டம், சில்வர் ஓக்னு கொஞ்சம் குளிர்ச்சியா இருந்தாலும் கீழ்ச்சரிவு பூரா எலை உதிர்க்கிற காடு, பிப்ரவரியில இருந்து சருகு கொட்டிக் கெடக்கும், அதுகூட காஞ்ச புல்லு, உண்ணிச்செடிப் புதர், மூங்கில். எவனோ அணைக்காம போட்ட பீடி, புதுப்புல்லு மொளைக்கட்டும்னு ஆடு மாடு மேய்க்கிறவங்க வெக்கிற தீ, தேன் எடுக்கப் போறவங்க விட்டுட்டு வர்ற பந்தம், ரோட்டோரமா சமைச்சுச் சாப்பிட்டுட்டு அடுப்பு நெருப்பை அப்படியே விட்டுட்டுப் போற டூரிஸ்ட்டுங்க, இதுல ஏதோ ஒண்ணுதான் ஆரம்பமா இருக்கும், தானா பத்திக்கிறதுங்கிறது இங்க ரொம்ப அபூர்வம்.

தரைத்தீ தானேன்னு லேசா எடுத்துக்காதீங்க. சரிவுல மேல ஏறற தீ தனக்கு முன்னாடி இருக்கிற புல்லைச் சூடாக்கிக் காயவெச்சுக்கிட்டே போகும், சரிவு 10 டிகிரி கூடினா வேகம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்காகும்னு ஆஸ்திரேலியாக்காரங்க போட்ட கணக்கு ஒண்ணு உலகம் பூரா பயன்படுத்தறாங்க. பகல்ல வெயில் ஏற ஏற காத்தும் கீழ இருந்து மேல ஏறும், இருட்டினதுக்கப்புறம் திரும்பி கீழ எறங்கும். 2018 மார்ச் 11ல தேனி குரங்கணியில மலையேறப் போனவங்க 23 பேர் செத்தாங்களே, அவங்க மாட்டினதும் இந்த மாதிரி காஞ்ச புல்லுச் சரிவுலதான். அதனால புதுசா வர்ற பையனுக்கு சீனியருங்க மொதல்ல சொல்றது தீக்கு மேல்பக்கம் நிக்காதே, எரிஞ்சு முடிஞ்ச கருப்புப் பக்கமா வா, ஓடறதுக்கு வழி எதுன்னு பாத்து வெச்சுட்டு அப்புறம் கையை வைன்னுதான்.

தண்ணியெல்லாம் தோள்ல சுமந்துட்டுப் போக முடியாதுங்க, அது குடிக்கறதுக்கே பத்தாது. பச்சைத் தழைக் கொப்பு ஒண்ணு ஒடிச்சுக்குவாங்க. புதுசா வர்றவங்க அதைத் தலைக்கு மேல தூக்கி ஓங்கி அடிப்பாங்க, பொறி நாலா பக்கமும் பறந்து பின்னாடி இன்னொரு எடத்துல பத்திக்கும். தாழ்வாப் பிடிச்சு தீ மேல வெச்சு அமுக்கி, எரிஞ்ச பக்கமா இழுத்து விடணும், அமுக்கு இழு, அமுக்கு இழுன்னு ஒரு வரிசையா ஆளுங்க போய்ட்டே இருப்பாங்க. இப்ப பல எடத்துல ப்ளோயர் வந்திருச்சு, முதுகுல மாட்டிக்கிட்டு சருகை ஊதித் தள்ளிட்டே போனா வெறும் மண்ணு தெரியற ஒரு பாதை விழும், தீ அங்க வந்து நின்னுக்கும். தீ பெருசா இருந்தா அந்தப் பாதையில இருந்து எதிர்த்தீ வெப்பாங்க, அதாவது வர்ற தீக்கு எதிரா நாமளே தீ வெச்சு நடுவுல இருக்கிற சருகை முன்னாடியே எரிச்சிடறது, அது அனுபவஸ்தங்க வேலை, நீங்க தொடக்கூடாது. அப்புறம் தீ அணைஞ்சுதுன்னு எறங்கி வந்துர முடியாது, காஞ்ச சாணி, மரத்தோட அடிக்கட்டை, மூங்கில் தூரு இதெல்லாம் உள்ளுக்குள்ள கனிஞ்சுட்டே கெடக்கும், மதியக் காத்துல மறுபடி எழும்பிரும். புறங்கையைக் கிட்டக் கொண்டு போய்ச் சூடு பாத்து ஒவ்வொண்ணா மண்ணு போட்டு மூடணும். என்னைக் கேட்டா இந்த வேலையோட நெசமான கஷ்டமே இதுதான், கேமராவுக்கு இதுல ஒண்ணுமே இருக்காது.

டேராடூன்ல இருக்கிற இந்திய வன ஆய்வு நிறுவனம் சாட்டிலைட்ல பாத்து எஸ்.எம்.எஸ். அனுப்பும், வன் அக்னின்னு ஒரு போர்ட்டல், பொதுமக்களும் நம்பரைப் பதிஞ்சுக்கலாம். ஆனா அதுல ஒரு புள்ளிங்கிறது 375 மீட்டர் கட்டம், சாட்டிலைட்டும் நாள் பூரா நம்ம தலைக்கு மேலயே நிக்காது. சின்னத் தீயை உங்களை மாதிரி மாடியில நிக்கிறவங்க போன் பண்ணித்தான் மொதல்ல சொல்றாங்க.

சரி, எப்படி உள்ள போறது? வனக்காப்பாளர், வனக்காவலர் ரெண்டையும் இப்ப டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4லயே சேர்த்துட்டாங்க, 2024 அறிவிப்புல இருந்து பாருங்க. 200 கேள்வி, 300 மார்க், அதுல பாதி தமிழ், தமிழ்ல 40 சதவீதம் எடுக்கலைன்னா மீதிப் பேப்பரைத் திருத்தவே மாட்டாங்க. காவலருக்கு பத்தாவது போதும், காப்பாளருக்கு பன்னிரண்டாவதுல சயின்ஸ் படிச்சிருக்கணும், உங்களுக்குப் பிரச்சினையில்ல. மலைவாழ் பசங்களுக்கு, பழங்குடி இளைஞர்னு வனக்காவலர்ல தனி எடமே இருக்கு, ஏற்காடு மேல உங்களுக்குத் தெரிஞ்ச மலையாளி பழங்குடி வீட்டுப் பசங்க (கேரளாக்காரங்க இல்ல) யாராவது இருந்தா சொல்லி வைங்க. எழுத்துல தேறினப்புறம் நடை டெஸ்ட், ஆம்பளைங்க 25 கிலோமீட்டரை 4 மணி நேரத்துல, பொம்பளைங்க 16 கிலோமீட்டரை அதே நேரத்துல முடிக்கணும். 25ன்னா கிலோமீட்டருக்கு 9 நிமிஷம் 36 செகண்டு, நாலு மணி நேரமும் வேகம் கொறையக்கூடாது. எழுத்துல நல்ல மார்க் வாங்கின பசங்க 18, 20 கிலோமீட்டர்ல கால் பிடிச்சு உக்காந்துருவாங்க, ஓட்டம் பழகினா போதும்னு நெனச்சுட்டு வேக நடையைப் பழகாம வர்றதுதான் காரணம். அடிவாரத்துல இருந்து ஏற்காடு ரோட்டுல விடிகாலை ஏறிப் பழகுங்க, சமதரை டெஸ்ட் சுளுவா போயிரும்.

பாட்டனி டிகிரி கையில வெச்சுட்டு இன்னொண்ணையும் விட்றாதீங்க, வனத் தொழில் பழகுநர்னு டி.என்.பி.எஸ்.சி. தனியா எடுக்கும், அது நேரா ரேஞ்சர் ஆகற வழி, அதுக்கும் இதே 25 கிலோமீட்டர் நடை உண்டு. போட்டி ஜாஸ்தி, அறிவிப்பும் வருஷா வருஷம் வராது, அதனால குரூப் 4ஐ எழுதிக்கிட்டே இதுக்கும் படிக்கணும். தனி கோர்ஸ்னு பணம் கட்டி எங்கயும் சேராதீங்க, வேலைக்கு எடுத்தப்புறம் வைகை அணை மாதிரி எடத்துல வனத்துறையே பயிற்சி குடுக்கும்.

வெளிநாடு? அமெரிக்காவுல ஃபெடரல் வேலைக்கு பொதுவா அந்த நாட்டுக் குடியுரிமை வேணும். அவங்க டெஸ்ட் 20 கிலோ மூட்டையை முதுகுல போட்டுக்கிட்டு 4.8 கிலோமீட்டரை 45 நிமிஷத்துல நடக்கறது, ஓடக்கூடாது. ஆசைக்கு வேணா செஞ்சு பாருங்க, நடை டெஸ்ட்டுக்கு நல்ல ப்ராக்டிஸ். ஆஸ்திரேலியாவுல கிராமத்துப் பக்கம் தீ அணைக்கிறவங்கள்ல பெரும்பாலானவங்க சம்பளமே வாங்காத வாலன்டியருங்க, அதை நம்பி விசா போட முடியாது.

அம்மாகிட்ட சொல்லுங்க, இது அரசு வேலை, காப்பாளருக்கு அடிப்படைச் சம்பளம் 18,200ல ஆரம்பிக்கும், காவலருக்கு 16,600, அதுக்கு மேல டி.ஏ. எல்லாம் தனி. தீ சீசன் பிப்ரவரியில இருந்து கோடை மழை வர்ற வரைக்கும்தான், மீதி மாசமெல்லாம் ரோந்து, நாத்துப்பண்ணை, கேஸ் எழுதறது, காட்டெருமை தோட்டத்துக்குள்ள வந்திருச்சுன்னா ஊர்க்காரங்ககிட்ட பேச்சு வாங்கறது. இந்த மீதி மாசம் பிடிக்கலைன்னா வேலையே பிடிக்காது, தம்பி. அதை முன்கூட்டியே தெரிஞ்சுக்கணும்னா பொங்கல் முடிஞ்சதும் பக்கத்து ரேஞ்ச் ஆபீஸ்ல போய் தீத்தடுப்புக் கோடு வெட்ட ஆள் எடுக்கறாங்களா, ஃபயர் வாச்சரா நிக்கலாமான்னு கேளுங்க, கூலி கொஞ்சம்தான், பெர்மனென்ட் ஆகும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. போறப்ப நைலான் ட்ராக் பேன்ட் வேண்டாம், சூடு பட்டா உருகி தோல்ல ஒட்டிக்கும், பழைய காட்டன் பேன்ட், முழுக்கை சட்டை, கணுக்கால் மூடற ஷூ, தண்ணி ரெண்டு பாட்டில்.